நீலக் கோடு

அந்தக் கைப்பட்டைக்குக் 'காப்பு' என்று பேர் வைத்தவர் யாரோ, நல்ல மனுஷராகத்தான் இருக்க வேண்டும். அரசாங்கம் வைக்கிற பேர்களில் வாயில் நுழைகிற பேர் எத்தனை இருக்கிறது? இது சின்னப் பேர், மனதில் நிற்கிற பேர். பிழைப்புக்காகக் கடல் தாண்டுகிற எவரும் விமானம் ஏறுவதற்கு முன்னால் இடது மணிக்கட்டில் அதைப் பூட்டிக்கொள்ள வேண்டும். இருபத்தேழு நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம். முதலாளி கழற்ற முடியாது, ஏஜென்ட் கழற்ற முடியாது, கட்டிக்கொண்டவரே நினைத்தாலும் கழற்ற முடியாது. ஊர் திரும்பிய பிறகு விமான நிலையத்தில்தான் அவிழ்ப்பார்கள்.

காப்பு பேச்சை ஒட்டுக்கேட்காது, படம் எடுக்காது. நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை, ரத்தத்தில் ஊறுகிற சில ரசாயனங்கள், இவற்றை மட்டும் பார்த்து ஒரு கோடு வரையும். அந்தக் கோடு அந்த ஆளின் சொந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நிலையத்துக்கு வந்து சேரும். வளைகுடாவில் கட்டடம் கட்டுகிற திசையன்விளைக்காரரின் கோட்டை வள்ளியூரில் பார்ப்பார்கள். அதே வளைகுடாவில் துணி தைக்கிற ஒடியாக்காரரின் கோட்டைக் கட்டக்கில் யாரோ ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள். பச்சை என்றால் நலம். சிவப்பு என்றால் பயம். மூன்று நாள் தொடர்ந்து சிவப்பாக இருந்தால் அந்த நாட்டிலிருக்கும் மீட்புக் குழு கதவைத் தட்டும். ஒரு கேள்வியும் கேட்காமல் ஆளைக் கூட்டிவந்து ஊருக்கு விமானம் ஏற்றிவிடும்.

கேள்வி கேட்காததில்தான் விஷயமே இருக்கிறது. முன்பெல்லாம் அதிகாரிகள் போய், முதலாளியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "உனக்கு இங்கே ஏதாவது கஷ்டமா?" என்று கேட்பார்கள். நம் ஆள் "நல்லா இருக்கேன் சார்" என்பான். அவர்களும் ஃபைலை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். காப்பு வந்து அந்தக் கேலிக்கூத்தை நிறுத்தியது.

நிறுத்திவிட்டு வேறொரு கூத்தை ஆரம்பித்தது. முதல் வருஷம் சிவப்பு காட்டியதாக அள்ளிக்கொண்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. பிள்ளை பிறந்த படத்தைப் பார்த்துப் பார்த்துத் தூங்காமல் கிடந்தவர், தங்கச்சி கல்யாணத்துக்குப் போக முடியவில்லையே என்று மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவர், இப்படித்தான். "எங்களை யாருய்யா கூப்பிட்டா?" என்று விமான நிலையத்திலேயே தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒருமுறை மீட்கப்பட்டவர் ஐந்து வருஷத்துக்கு அந்த நாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது என்பது விதி. பயத்தையும் ஏக்கத்தையும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் காட்டுகிறது என்பதை மேதாவிகள் அப்போதுதான் கண்டுகொண்டார்கள்.

அதனால் மூன்றாவதாக ஒரு நிறம் வந்தது. நீலம். நீலம் என்றால் ஏக்கம். அதற்கு நடவடிக்கை எதுவும் கிடையாது, பார்த்துவிட்டு அடுத்த கோட்டுக்குப் போய்விடலாம்.

எங்கள் வட்டாரத்துக்கான நீலம் செல்வகனியின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது.

செல்வகனி வள்ளியூர் நிலையத்தில் கோடு பார்க்கிறவள், வீடு திசையன்விளையில். வயது முப்பத்திரண்டு. புருஷன் சுயம்புலிங்கம் வளைகுடாவில் சாரம் கட்டுகிற மேஸ்திரி. கல்யாணமாகி ஏழரை வருஷத்தில் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது இருநூற்றுப் பதினாலு நாள். அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை, ஆனால் யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வாள். ஒரே கம்பெனியில் இடைவிடாமல் ஏழு வருஷம் வேலை பார்த்தால் குடும்ப விசா தருவார்கள். அதற்கு இன்னும் எட்டு மாதம்தான் பாக்கி. அங்கே கிடைக்கப்போகும் வீடு ஒரே அறை, ஒரு சமையலறை, ஏழாவது மாடி. சுயம்புலிங்கம் நீள அகலத்தை அடிக்கணக்கில் சொல்லியிருந்தார். செல்வகனி அதைத் தன் வீட்டு மொட்டை மாடியில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து, அடுப்பு வரப்போகும் இடத்தில் சில சாயங்காலங்களில் போய் நின்றுகொண்டிருப்பாள். மழை வந்து அழித்தால் மறுபடி வரைவாள். பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் என்ன நினைத்தால் அவளுக்கென்ன?

மூன்று வருஷத்துக்கு முன்னால் பத்ருதீன் சார்தான் அவளைக் கேட்டார். மேலப்பாளையத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், நிலையத்தின் தலைமைப் பொறியாளர்.

"பயந்த உடம்பு எப்படி இருக்கும்னு மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. அதுக்கு எங்ககிட்ட ஆயிரம் பதிவு இருக்கு. ஏங்குற உடம்புதாம்மா இல்ல. அடி, மிரட்டல் ஒண்ணும் இல்லாம, சொந்த வீட்ல, சொந்த நாற்காலியில உக்காந்து ஒருத்தரை நெனச்சு ஏங்கணும். அப்பதான் அது சுத்தமான ஏக்கம். ஒங்களவிட்டா எனக்கு வேற யாரு?"

"அதுக்கு நான் என்ன சார் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒங்க வீட்டுக்காரர் பேசுவாருல்லா? அதுக்கு முந்துன ஒரு மணி நேரம் காப்பைக் கட்டிக்கிட்டு உக்காந்திருங்க. நாப்பது வெள்ளிக்கிழமை போதும்."

நாற்பது வெள்ளிக்கிழமை உட்கார்ந்தாள். பதிவுத்தாளில் 'உணர்வு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒவ்வொரு முறையும் 'தேடுது' என்று எழுதினாள்; ஊர்ப் பேச்சில் ஏங்குவதற்கு அதுதான் சொல். அவள் வளர்ந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடல் தாண்டிப் போனவரைப் பற்றி 'பயமா இருக்கு' என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது நடந்துவிடும் என்று ஒரு நினைப்பு. அப்பா மஸ்கட்டில் இருந்த காலத்தில் அம்மா ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பாள். என்னம்மா என்று கேட்டால் "அப்பாவத் தேடுது" என்பாள். செல்வகனிக்கும் அந்த ஒரு சொல்தான் கைவசம் இருந்தது. மனதுக்குள் வேறொரு சொல் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

கோடு பார்க்கிறவர்களுக்கு ஆளின் பேர் தெரியாது, ஊர் தெரியாது, எந்த நாட்டில் எந்த வீடு என்பதும் தெரியாது. எண், வயது, ஆணா பெண்ணா, என்ன வேலை, எந்தக் கிழமை விடுமுறை, அவ்வளவுதான். தன் புருஷனின் எண் எதுவென்றுகூட அவளுக்குத் தெரியாது. விவரம் தெரிந்தால் காசு கைமாறும், முதலாளிக்கு யாராவது துப்புக் கொடுப்பார்கள் என்று அப்படி வைத்திருந்தார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த நானூறு கோடுகளில் ஒன்றின் மேல் செல்வகனிக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது. எண் 6617. பெண், முப்பத்திநாலு வயது, வீட்டு வேலை, வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்தக் கோடு பதினோரு மாதமாக நீலம். தினமும் நம் நேரப்படி சாயங்காலம் நாலரைக்கு மெல்ல ஏற ஆரம்பிக்கும், ஐந்தரைக்கு உச்சியில் நிற்கும். 'யாரோ இவளுக்கு ஐந்தரைக்கு ஃபோன் பண்ணுகிறார்கள்' என்று செல்வகனி முடிவுகட்டினாள். தினம் தினம் பேசுகிற புருஷன்! கொடுத்துவைத்தவள். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கோடு விடிந்ததிலிருந்து ஏறியே கிடக்கும். லீவு நாளில் வேலை இருக்காது, ஊர் நினைப்பு அதிகமாக வரும், பாவம். செல்வகனிக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்?

"என் கூட்டுக்காரி இன்னைக்கு ரொம்பத் தேடுதா" என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்வாள். ஐந்தரை மணிக்கு டீ வந்தால், திரையில் 6617-ஐத் திறந்துவைத்துக்கொண்டுதான் குடிப்பாள். இத்தனை பெரிய உலகத்தில் தன்னைப் போலவே அச்சாக ஏங்குகிற ஒருத்தி இருக்கிறாள் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் மெஷின் போட்டிருக்கும் எண்ணும் அதைத்தான் சொன்னது: 'மாதிரியுடன் ஒற்றுமை, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.' மாதிரி என்றால் செல்வகனிதான்.

அந்த வருஷம் மாதிரிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் காப்பைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தாள். நாலு மணி ஆயிற்று. ஃபோன் வரவில்லை. நாலேகால் ஆயிற்று, நாலரை ஆயிற்று. நாலு நாற்பதுக்கு வந்தது.

"டவர் இல்லட்டி கனி. காத்திருந்தியா?"

"காத்திருக்காம பின்ன? எப்படி இருக்கிய?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன். வெயில்தான் கொஞ்சம் கூட."

அவ்வளவுதான் நடந்தது. பிறகு ஏழாவது மாடியில் தொட்டியில் கறிவேப்பிலை வருமா வராதா என்று பத்து நிமிஷம் பேசினார்கள்.

மறுநாள் காலையில் பத்ருதீன் சார் அந்தப் பதிவைத் திரையில் போட்டுக் காட்டிச் சிரித்தார். "நேத்து அவரு லேட்டு போல. பாருங்க, மலை மாதிரி ஏறியிருக்கு."

செல்வகனி சிரிக்கவில்லை. இதுவரை அவள் தன்னுடைய கோட்டைச் சராசரியாக்கித்தான் பார்த்திருக்கிறாள். நாலு மணிக்கு ஃபோன் வந்து அறுத்துவிடாத முழுக்கோட்டை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். ஏறுகிற விதம், உச்சியில் நிற்கிற விதம், நடுநடுவே மூச்சு நின்று நின்று வந்த இடங்கள், எல்லாம் ஏற்கெனவே பார்த்துப் பழகியதாக இருந்தது. 6617-இன் கோட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். இரண்டும் ஒன்றாகிவிட்டன.

"சார், இது ஏக்கம் இல்ல."

"பின்ன?"

"நாலு மணிக்கப்பறம் நான் அவரத் தேடல சார். நான் பயந்துகிட்டிருந்தேன்."

சொல்லக் கூடாத சொல்லைச் சொல்லிவிட்டாள். ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்த முடியவில்லை. கல்யாணமான ரெண்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஃபோன் வரவில்லை. ஒன்பது நாள் வரவில்லை. சாரம் சரிந்து மூன்று பேர் போய்விட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். பத்தாம் நாள் சுயம்புலிங்கம் ஆஸ்பத்திரியிலிருந்து இடது கையால் ஃபோனைப் பிடித்துக்கொண்டு பேசினார், வலது கை முறிந்திருந்தது. அன்றிலிருந்து எந்த வெள்ளிக்கிழமையும் அவள் சும்மா ஏங்கியதில்லை. மூன்று மணியானால் கண்ணுக்குள் சாரம் சரிந்துகொண்டே இருக்கும், ஃபோன் அடித்தால்தான் நிற்கும். அதற்குத்தான் அவள் நாற்பது தடவை 'தேடுது' என்று பேர் எழுதிக்கொடுத்திருந்தாள்.

பத்ருதீன் சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப இந்த 6617..."

"அவளுக்கு யாரும் ஃபோன் பண்ணல சார். அது வளைகுடான்னா, அஞ்சரைக்கு அங்க மணி மூணு, நாலுதான். வேலைக்குப் போன யாரோ வீட்டுக்குத் திரும்புத நேரம். வெள்ளிக்கிழம அவனுக்கு லீவு, நாள் முழுக்க வீட்லதான் இருப்பான். அதான் அன்னைக்கு முழுக்கக் கோடு எறங்காமக் கெடக்கு." அவள் திரையில் அந்தக் கோட்டைத் தொட்டாள். "பதினோரு மாசம் சார். நான் டீ குடிச்சிக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் பத்ருதீன் சார் பக்கம் திரும்பினாள்.

"அவ கோட்ட மட்டும் செவப்பாக்குங்க சார். நீங்க நெனச்சா முடியாதா?"

"முடியாதும்மா. கையால நெறத்த மாத்த ஒரு வழியும் வைக்கல. செவப்ப ஒருத்தன் பச்சையாக்கிட்டா என்ன ஆவும்? அதுக்குத்தான். கோடு தானாச் செவந்து மூணு நாள் ஆனாத்தான் அந்தப் பிள்ள இருக்குற அட்ரஸே தொறக்கும். போலீசுக்குச் சொல்லலாம்னா, என்னன்னு சொல்ல? எந்த நாடுன்னுகூட நமக்குத் தெரியாதே."

"அப்ப வேற வழியே இல்லையா?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஒண்ணு இருக்கு," என்றார். "மாதிரி குடுத்தவங்க எப்ப வேணாலும் அத வாபஸ் வாங்கலாம். ஒரே ஒரு கையெழுத்துதான், உடனே அமலாயிரும். ஆனா ஒங்க மாதிரிய வச்சு நீலம்னு தள்ளிவச்ச கோடு அவ ஒருத்தியோடது மட்டுமில்ல. ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினாறு பேர். அத்தன பேரும் செவந்திருவாங்க. மூணாம் நாள் அத்தன பேரையும் அள்ளிக்கிட்டு வந்திருவாங்க. ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. அஞ்சு வருஷம் யாரும் திரும்பிப் போவ முடியாது. புது மாதிரி எடுத்துச் சேக்க ஒரு வருஷம் ஆவும்."

"அவரும் அதுல இருப்பாரா சார்?"

"நம்பர் எனக்கும் தெரியாதும்மா. ஆனா இந்த வட்டாரத்து ஆளு, வீட்ட விட்டுட்டு இருக்காரு. இருப்பாருன்னுதான் நெனைக்கேன்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவசரப்படாதீங்க. ஒருத்திக்காக ரெண்டாயிரம் குடும்பம். ஒங்க வீட்டுக்காரர் நல்லாத்தான இருக்காரு?"

"அவருக்கென்ன சார், ஒரு கொறையும் கெடையாது. பதினஞ்சாவது மாடியில சாரத்து மேல நின்னுக்கிட்டு விசிலடிக்குற ஆளு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எட்டு மாசம்தான் சார் இருக்கு."

அன்று அவள் கையெழுத்துப் போடவில்லை. அவளைப் பெரிய தியாகி என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் மொட்டை மாடியில் சுண்ணாம்பு வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டாள். அவருடைய வேட்டியை மடித்துவைக்க ஒரு மூலை, இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம். இருநூற்றுப் பதினாலு நாளை இரண்டாயிரம் நாளாக்க அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று எழுதி மாளாது. அவர் குளித்துவிட்டு வந்து தலை துவட்டுகிற சத்தத்தை ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் கேட்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம். 6617 யார் பெற்ற பிள்ளையோ? யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா? பதினோரு மாதம் பொறுத்தவள் இன்னும் எட்டு மாதம் பொறுக்க மாட்டாளா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்துவிட்டுத் தன்னையே காறித் துப்பவேண்டும்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லீவு. கோடு பார்க்கத் திரை கிடையாது. ஆனால் சாயங்காலம் நாலரை ஆனதும் அவள் கை தானாகவே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. ஐந்தாயிற்று. ஐந்தே காலாயிற்று. ஐந்தரைக்கு எங்கோ ஒரு வீட்டில் சாவி திரும்புகிற சத்தத்தை அவள் திசையன்விளையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

பத்ருதீன் சார் தாளை வாங்கிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் கூடம் முழுக்கத் திரைகள் சிவந்தன. நீலமாகக் கிடந்தவை ஒவ்வொன்றாக, பிறகு கும்பல் கும்பலாக மாறின. கோடு பார்க்கிறவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "என்னட்டி செஞ்ச?" என்று பக்கத்து மேசைக்காரி கத்தினாள். அவள் தம்பி தோஹாவில் இருந்தான்.

வியாழக்கிழமை மீட்புக் குழுக்களின் அறிக்கைகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வரிதான். 'தங்குமிடத்திலிருந்து அழைத்து வரப்பட்டார். எதிர்ப்புத் தெரிவித்தார்.' 'பணியிடத்திலிருந்து அழைத்து வரப்பட்டார். அழுதார்.' இப்படியே நூற்றுக்கணக்கில். மத்தியானம் 6617 வந்தது. 'வீடு வெளிப்புறம் பூட்டப்பட்டிருந்தது. பூட்டு உடைக்கப்பட்டது. உயிருடன் உள்ளார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.' செல்வகனி அதை நாலு தடவை படித்தாள். பேர் இல்லை, ஊர் இல்லை. விதிப்படி இனியும் தெரியவராது.

அன்று சாயங்காலமே சுயம்புலிங்கம் பேசினார். அந்த ஆஸ்பத்திரி ஃபோனுக்குப் பிறகு, வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளில் அவர் ஃபோனில் பேசியது அதுதான் முதல் தடவை.

"கனி, எங்கள ஏத்தி விடுதானுவ. நம்ம பக்கத்துப் பயலுவ தங்கியிருந்த மொத்த கேம்பும் காலி. எட்டு மாசம்! இன்னும் எட்டே மாசம்! எந்தப் படுபாவி செஞ்ச வேலையோ, வெளங்க மாட்டான். சனிக்கெழம காலைல திருவனந்தபுரம்." வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் விமான நிலையத்து வாசலில் நிற்க இடமில்லை. கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம், ஆனால் மாலை இல்லை, சிரிப்பு இல்லை. உள்ளேயிருந்து ஆண்கள் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தரையில் உட்கார்ந்து மணிக்கட்டில் காப்பு இருந்த வெளுத்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கிழவர் மகனைக் கட்டிக்கொண்டு அழுதார், மகன் மரம்போல நின்றான். செல்வகனி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். இங்கே யாருக்கும் தன்னைத் தெரியாது என்று தெரிந்தும் போட்டுக்கொண்டாள்.

சுயம்புலிங்கம் கூட வேலை பார்த்த நாலு பேரோடு வந்தார். இளைத்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது, அது ஃபோனில் தெரிந்ததில்லை. "கையில மட்டும் கெடச்சான்னா அவன உண்டு இல்லைன்னு ஆக்கிருவேன்" என்று அவர்களிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். "வந்திட்டியா" என்றார். "வாங்க" என்றாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிற புருஷனிடம் சொல்ல அவள் வாயில் வேறு வார்த்தை இல்லை. பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

வாடகைக் காரில் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடத்தை விட்டு. பாறசாலை தாண்டுகிற வரைக்கும் அவள் பொறுத்தாள்.

"நான்தாங்க" என்றாள்.

"என்ன நீதான்?"

"கையெழுத்துப் போட்டது."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் எதையும் மறைக்கவில்லை. நாற்பது வெள்ளிக்கிழமை, 6617, ஐந்தரை மணி, பூட்டிய வீடு, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். "விசா போயிரும்னு தெரியும். நீங்க வந்து நிப்பியன்னும் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

அவர் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மார்த்தாண்டம் போயிற்று, தக்கலை போயிற்று. நாகர்கோவிலில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். செல்வகனி இறங்குவோமா என்று கேட்டாள், அவர் திரும்பவில்லை. இப்படியே வீடுவரைக்கும், ஒருவேளை ஆயுசுக்கும் பேசமாட்டாரோ என்று அவள் நினைத்தாள்.

டிரைவர் கடைக்குள் போன பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"கனி."

"ம்."

"நான் பயந்து கெடந்தது ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"கேம்ப்ல ராத்திரி வெளிப்பக்கமாப் பூட்டிருவான். ஆள் ஓடிறக் கூடாதுன்னு. போன வருஷம் அடுத்த கேம்ப் தீப்பிடிச்சுது. அங்கயும் அப்பிடித்தான் பூட்டியிருந்தான். நாங்க சன்னல் வழியாப் பாத்துக்கிட்டே நின்னோம்." அவர் கைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அன்னையிலேருந்து பூட்டுற சத்தம் கேட்டா எனக்கு மூச்சு வராது. இத்தன பயலுவ கூடக் கெடக்கானுவ, ஒருத்தங்கிட்டயும் சொன்னதில்ல. ஒங்கிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வச்சிருவேன். ஒனக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?"

போன வருஷத்திலிருந்து அவர் கோடு ஏதோ ஒரு திரையில் நீலமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுடைய திரையாகவே இருந்திருக்கலாம். நீலம்தானே என்று ஒரு தள்ளு தள்ளிவிட்டு அவள் அடுத்த கோட்டுக்குப் போயிருக்கலாம். தெரியும் என்று சொல்லிவிட்டால் போதும், இந்த மனுஷன் ஆயுசுக்கும் அவளைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார். சொல்ல வாய் வரவில்லை.

"தெரியாதுங்க" என்றாள். "நான் அந்தப் பிள்ளைக்காகத்தான் போட்டேன். ஒங்களுக்கு ஒரு கொறையும் இல்லன்னுதான் நெனச்சிருந்தேன்."

அவர் மெல்லத் தலையாட்டினார். கோபம் வந்தமாதிரி தெரியவில்லை.

"அந்தப் பிள்ள பேரு என்ன?"

"தெரியாது."

"எந்த ஊரு?"

"அதுவும் தெரியாதுங்க. இனிமேலும் சொல்ல மாட்டாங்க."

"எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்" என்றார் சுயம்புலிங்கம். பிறகு நடுவில் விட்டிருந்த இடத்தைக் கடந்து வந்து, டிரைவர் திரும்பி வருவதையும் பொருட்படுத்தாமல், அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கார் கிளம்புவதற்குள் வாயைப் பிளந்து தூங்கிவிட்டார். ஆரல்வாய்மொழியில் காற்று கதவை உலுக்கியபோதும் அவர் விழிக்கவில்லை. செல்வகனி தோளை அசைக்காமல் வீடு வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.